தூரம் ஒன்று, நேரம் இரண்டு

குளிர்காலத்தில் டில்லியிலிருந்து குவஹாத்திக்கு ஆகாய விமானத்தில் செல்லும் ஒருவர், அதே வகை விமானத்தில் ஏறக்குறைய அதே வழியாகத் திரும்பும்போது, போனதைக் காட்டிலும் அரைமணி நேரம் வரை கூடுதலாக ஆகாயத்தில் இருக்க நேரிடுகிறது. இரண்டு ஊர்களும் ஒரே இந்திய நேரத்தைக் கடைப்பிடிப்பவை. ஆகவே கடிகாரம் அவரை ஏமாற்றவில்லை. விமானி மெதுவாகச் செலுத்தினார் என்பதும் இல்லை. இடையிலுள்ள தூரமும் மாறவில்லை. பின் அந்த அரைமணி நேரம் எங்கே போயிற்று?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று பள்ளியில் கற்பிக்கப்படும் விதி பொய்யன்று. ஆனால் எந்தத் தூரம், எந்த வேகம் என்ற இரு வினாக்களுக்கும் சரியான விடை கண்ட பின்னரே அவ்விதி பயன் தரும். விமானப் பயணத்தில் முதல் வினாவுக்கு விடை பூகோளத்தில் இருக்கிறது. இரண்டாவது வினாவுக்கு விடை காற்றில் இருக்கிறது. இவ்விரண்டையும் தெளிவாக அறிவதில்தான் விமானத்தில் ஏற்றவேண்டிய எரிபொருளின் அளவும், அதில் இருப்போரின் உயிரும் அடங்கியுள்ளன.

பூகோளத்தின் மீது ஒரு நூல்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பது மாணவரின் வழக்கம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டும்போது வடிவமோ அளவோ ஓரளவு சிதைந்தே தீரும். ஆகவே அக்கோடு பெரும்பாலும் மிகக் குறுகிய வழியைக் காட்டுவதில்லை. ஆசிரியர் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களின் மீதும் ஒரு நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால், அந்நூல் படியும் வழியே மிகக் குறுகிய வழி. அதனை இரு புறமும் நீட்டினால் பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம் ஒன்று கிடைக்கும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

டில்லியையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் இவ்வாறு நூலால் இணைத்துப் பார்த்தால் மாணவர் வியப்படைவர். சுவர்ப் படத்தில் கோடு ஜப்பானை ஒட்டிப் பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடக்கும். நூலோ வடக்கே சைபீரியாவைத் தாண்டி, 75 பாகை வட அட்சரேகைக்கும் அப்பால் ஆர்க்டிக் கடலின் மீது சென்று, அலாஸ்கா வழியாக இறங்கும். அந்நூலின் நீளம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர்.

டில்லிக்கும் குவஹாத்திக்கும் இடையே இத்தகைய விந்தை ஏதும் இல்லை. தூரம் குறைவாதலால், படத்தின் நேர்கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் உள்ள வேற்றுமை ஒன்றிரண்டு கிலோமீட்டரே. எனவே உள்நாட்டுப் பயணத்தில் நேரம் மாறுபடுவதற்கான காரணத்தைப் படத்தின் மீது தேடுவதில் பயனில்லை.

கணக்கிடும் முறை

உயர்நிலை வகுப்பு மாணவர் இத்தூரத்தைத் தாமே கணக்கிட்டுக் காணலாம். டில்லி விமான நிலையம் 28.57 பாகை வட அட்சரேகையிலும் 77.11 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. குவஹாத்தி விமான நிலையம் 26.11 பாகை வட அட்சரேகையிலும் 91.59 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 14.48 பாகை. (சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடங்கள் ஆவதால், குவஹாத்தியில் நண்பகல் டில்லியைவிட ஏறத்தாழ 58 நிமிடங்கள் முந்தி வருகிறது என்பதையும் இங்கேயே சுட்டிக்காட்டலாம்.)

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்க வேண்டும்: 0.4782ஐ 0.4401ஆல் பெருக்கினால் 0.2105. அடுத்து அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்: 0.8782, 0.8980, 0.9682 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் 0.7635. இரண்டையும் கூட்டினால் 0.9740. இது எந்தக் கோணத்தின் கொசைன் என்று அட்டவணையில் பார்த்தால், 13.1 பாகை என்று காணலாம். பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரு நிலையங்களும் இத்தனை பாகை விலகியிருக்கின்றன என்பது இதன் பொருள்.

பெருவட்டத்தில் ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். ஆகவே தூரம் 1,457 கிலோமீட்டர். முழு எண்ணாக 1,460 எனக் கொள்ளலாம். விமானிகள் இதனைக் கடல் மைல்களில் கூறுவர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். எனவே 13.1ஐ 60ஆல் பெருக்கிய மாத்திரத்தில் 786 கடல் மைல் என்ற விடை கிடைத்துவிடுகிறது.

விமானம் தரையிலிருந்து 12 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வழி நீண்டுவிடாதா என்று கூர்மையுள்ள மாணவன் கேட்கக்கூடும். நீளத்தான் செய்யும், ஆனால் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டராக இருக்க, 12 கிலோமீட்டர் உயர்வால் இவ்வழியில் கூடுவது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவே. அதைவிடப் பெரிய வேற்றுமை வேறு காரணங்களால் உண்டாகிறது. இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் பெருவட்டம் நேபாளத்தின் தென்பகுதியின் மீது செல்கிறது. விமானங்களோ வரையறுக்கப்பட்ட ஆகாய வழிகளில், குறிக்கப்பட்ட இடங்களைத் தொட்டே செல்ல வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து திரும்பவும் வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் பெருவட்டத் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இருப்பினும் இது போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய ஒத்திருப்பதால், நாம் தேடும் அரைமணி இதில் இல்லை.

பூமி சுழல்வது காரணமா?

இவ்விடத்தில் மாணவரிடையே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை ஆசிரியர் களைய வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது; அதனால்தான் பயண நேரம் மாறுகிறது என்று பலர் கருதுகின்றனர். டில்லியின் அட்சரேகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,470 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் மீதுள்ள காற்று மண்டலமும், அதில் மிதக்கும் விமானமும் நிலத்தோடு சேர்ந்தே செல்கின்றன. ஓடும் ரயில் பெட்டிக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவன் கைக்கே வந்து சேர்வதைப் போன்றது இது.

இக்கருத்து தவறு என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பூமி விமானத்தின் கீழே தனியே நழுவிச் செல்வது உண்மையாயின், மேற்கு நோக்கிப் பறப்பவருக்கு ஊர் தானே எதிர்கொண்டு வரும். அவர் பயணமே விரைவில் முடியவேண்டும். நிகழ்வதோ அதற்கு நேர்மாறு. குவஹாத்தியிலிருந்து மேற்கே டில்லிக்குத் திரும்பும் பயணமே நீண்டது.

ஆகாயத்தில் ஓடும் ஆறு

உண்மையான காரணம் காற்று. குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, ஏறத்தாழ 27 பாகை வட அட்சரேகையை ஒட்டி, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிமைமிக்க காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் அதில் சாதாரணம். 200ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. டில்லி–குவஹாத்தி வழி ஏறக்குறைய இவ்வோட்டத்தின் நீளவாக்கிலேயே அமைந்திருக்கிறது. குவஹாத்தியில் கீழே பிரம்மபுத்திரா மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்க, மேலே இந்தக் காற்றாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது.

படகின் வேகம் தண்ணீரைச் சார்ந்தது போல, விமானத்தின் வேகம் அதனைச் சூழ்ந்த காற்றைச் சார்ந்தது. பெரிய பயணிகள் விமானம் காற்றினூடே மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி வீசுமாயின், குவஹாத்திக்குச் செல்லும்போது தரையைச் சார்ந்த வேகம் 980 ஆகிறது; திரும்பும்போது 700 ஆகிறது. தூரம் 1,460 கிலோமீட்டராதலால், போவதற்கு 89 நிமிடங்களும் வருவதற்கு 125 நிமிடங்களும் ஆகும். வித்தியாசம் 36 நிமிடங்கள். காணாமற்போன அரைமணி இதோ கிடைத்துவிட்டது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைந்திருக்கும் நேரமும் இருபுறமும் இதனோடு கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். விமான அட்டவணைகளில் மேற்கு நோக்கிய பயணத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே.

இக்கணக்கில் மற்றொரு பாடமும் இருக்கிறது. போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது நேர்ந்த நஷ்டமும் சரியாகிவிடும் என்று தோன்றும். காற்றே இல்லாவிடில் ஒரு வழிக்கு 104 நிமிடங்கள். இரு வழிக்கும் 208. காற்று வீசும்போது 89ம் 125ம் சேர்ந்து 214. ஆறு நிமிடங்கள் நஷ்டமே. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது. துணைக்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. ஆகவே நஷ்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும்.

பருவம் மாறினால் ஆறும் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் இந்த மேற்குக் காற்றோட்டம் இமயத்துக்கு வடக்கே விலகிவிடுகிறது. அப்போது தீபகற்பத்தின் மீது, இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வேறொரு ஜெட் காற்றோட்டம் தோன்றுகிறது. இதனை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவர், பின்னர் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த விஞ்ஞானி பி. கோடீசுவரம் ஆவார். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே பறக்கும் விமானங்களுக்குப் பருவமழைக் காலத்தில் மேற்கு நோக்கிய பயணமே காற்றின் துணை பெறுவதாகிறது. டில்லி வழியில் கற்ற பாடத்தை வங்கக் கடலின் மீது தலைகீழாகப் படிக்கலாம்.

கணக்குத் தவறியபோது

காற்றை அறியாமல் நேரத்தைக் கணிப்பதால் விளையும் தீங்குக்கு 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி நிகழ்ந்த விபத்து ஒரு சான்று. தென் அமெரிக்காவில் புவனோஸ் அயர்ஸிலிருந்து சான்டியாகோவுக்குச் சென்ற 'ஸ்டார் டஸ்ட்' என்னும் விமானம் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்க வேண்டியிருந்தது. நான்கு நிமிடங்களில் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிடுவதாக அதிலிருந்து தந்திக்குறிச் செய்தி வந்தது. அதன் பின் விமானம் மறைந்துபோயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின், 1998ஆம் ஆண்டில், துப்புங்காட்டோ மலையின் பனிப்பாளத்தில் அதன் சிதைவுகள் மலையேறுவோர் கண்ணில் பட்டன. அவ்விடம் சான்டியாகோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

கீழே மேகம் மூடியிருந்தது. மேலே ஜெட் காற்றோட்டம் எதிர்த்து வீசியிருக்க வேண்டும். விமானிகள் தம் கணக்கின்படி மலையைத் தாண்டிவிட்டதாக எண்ணி இறங்கத் தொடங்கினர். உண்மையில் மலை இன்னும் முன்னால் இருந்தது என்பதே ஆராய்ந்தோர் பெரிதும் ஏற்கும் விளக்கம். விமானத்தில் இருந்த 11 பேரும் மாண்டனர். தூரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, காற்றுத்தான் தெரிந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் அத்தகைய காற்றை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அளந்திருந்தார். ஜப்பானில் டடெனோ என்னுமிடத்து ஆய்வுக்கூடத்தில் வாசாபுரோ ஓய்ஷி என்னும் வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு, அவற்றின் போக்கைத் தொலைநோக்கி வழியே குறித்து, மேலே பெருங்காற்று ஓடுவதை 1920களில் கண்டார். உலகினர் யாவரும் படிக்கட்டும் என்று கருதி 1926ஆம் ஆண்டில் எஸ்பராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அம்மொழியை அறிந்தோர் சிலரே ஆதலின் அது கவனிப்பாரற்றுப் போயிற்று. 1944ஆம் ஆண்டில் ஜப்பானின் மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள் அக்காற்றில் சிக்கிய பின்னரே அதன் வலிமையைப் பிறர் உணர்ந்தனர்.

எரிபொருளும் மூடுபனியும்

இன்று விமானம் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் அறிகிறது. ஆகவே ஆண்டிஸ் விபத்து அதே வடிவில் நிகழ்வதற்கு இடமில்லை. ஆனால் எத்தனை எரிபொருள் ஏற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 180 பேர் செல்லக்கூடிய நடுத்தர ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிபொருளைச் செலவிடுகிறது. மேலே கண்ட 36 நிமிடங்களுக்கு மட்டும் ஒன்றரை டன் வேண்டும். அச்சம் காரணமாக மிகுதியாக ஏற்றுவதும் சரியன்று. அவ்வெடையைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாகும்.

எனவே பயணத்துக்கு வேண்டியது, எதிர்பாராதவற்றுக்காக அதன் மேல் ஒரு பங்கு, இறங்க முடியாவிடில் மாற்று விமான நிலையத்துக்குச் செல்ல வேண்டியது, அங்கும் அரைமணி நேரம் வட்டமிடப் போதுமான கடைசிக் கையிருப்பு என எரிபொருள் வகை வகையாகக் கணக்கிடப்படுகிறது. டில்லிக்கு வரும் விமானங்களுக்கு இக்கணக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடினமாகிறது. மேற்குக் காற்று மிக வலிமையோடு எதிர்க்கும் அந்த மாதங்களில்தான் டில்லி விமான நிலையத்தை இரவிலும் காலையிலும் மூடுபனி சூழ்கிறது. வழியில் அதிக நேரம் செலவழித்து வந்து சேரும் விமானம், இறங்க இயலாமல் காத்திருக்கவும், வேறு ஊருக்குத் திரும்பவும் நேரலாம். அந்நிலையில் விமானிக்குக் கைகொடுப்பது, மேல்காற்றைப் பற்றி முன்கூட்டியே கிடைத்த சரியான செய்தியே.

விடியற்காலைப் பலூன்

அச்செய்தி எங்கிருந்து வருகிறது? உலகெங்கும் குறிக்கப்பட்ட ஒரே வேளையில், இந்திய நேரப்படி காலை 5-30 மணியையும் மாலை 5-30 மணியையும் ஒட்டி, வானிலை நிலையங்களிலிருந்து ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன்கள் கருவிகளுடன் மேலே விடப்படுகின்றன. டில்லி, லக்னோ, கோரக்பூர், பாட்னா, குவஹாத்தி ஆகிய ஊர்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இவை யாவும் மேற்கூறிய விமான வழியின் அருகே வரிசையாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. வினாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் எழும் பலூன் 40 நிமிடங்களில் விமானங்கள் பறக்கும் உயரத்தை அடைகிறது. கருவி வெப்பத்தையும் ஈரத்தையும் அனுப்புகிறது. பலூன் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் திசையும் வேகமும் கிடைக்கின்றன. பறக்கும் விமானங்களும் தாம் உணரும் காற்றைத் தாமாகவே தெரிவிக்கின்றன. இவையனைத்தும் செயற்கைக் கோள் செய்திகளோடு சேர்ந்து கணிப்பொறிகளுக்குச் சென்று, அடுத்து வரும் மணிகளுக்கான மேல்காற்று முன்னறிவிப்பாகத் திரும்பி வருகின்றன.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் விமானங்கள் பெருமளவில் நின்றுபோனபோது, விமானங்கள் தரும் காற்றுச் செய்திகளும் குறைந்துபோயின. அப்போதும் பலூன்கள் எழுந்துகொண்டிருந்தன.

முன்னறிவிப்பை நம்பி வழியையே மாற்றிக்கொள்வதும் உண்டு. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விடுத்துப் பசிபிக் வழியாகச் செலுத்தியது. முந்தைய வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். புதிய வழி ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். வழி 1,400 கிலோமீட்டர் நீண்டும், மேற்குக் காற்று பின்னிருந்து தள்ளியதால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில், முன்னைவிட விரைவாகவே சென்று சேர்ந்தது. ஆகாயத்தில் மிகக் குறுகிய வழி எப்போதும் மிக விரைவான வழியாகாது.

ஆசிரியர் இப்பாடத்தை வகுப்பில் ஒரு நூலும் ஒரு பூகோள உருண்டையும் கொண்டே தொடங்கலாம். பின்னர் 140 என்ற காற்றின் வேகத்துக்குப் பதிலாக 60, 100, 200 என்று மாற்றிக் கொடுத்து, போக வர ஆகும் நேரங்களை மாணவரே கண்டு அட்டவணையிடச் செய்யலாம். அவ்வாறு செய்த மாணவர், தூரம் பூமிக்கு உரியது, நேரமோ அன்றைய நாளின் காற்றுக்கு உரியது என்பதை மறக்கமாட்டார்.

பனி படிந்த விடியற்காலையில் கோரக்பூரிலோ பாட்னாவிலோ பலூனை விட்டுவிட்டு, அது கண்ணுக்கு மறைந்த பின்னும் அதன் குறிகளைப் பதிவு செய்துகொண்டிருக்கும் ஊழியர், தம் தலைக்கு மேல் செல்லும் விமானத்தை ஒருவேளை காணாமலே போகலாம். ஆயினும் அன்று முற்பகல் குவஹாத்தியில் ஒரு விமானி, எத்தனை டன் எரிபொருள் வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடும் கணக்கில், அவ்வூழியர் அனுப்பிய எண்ணும் சேர்ந்திருக்கிறது.